நடுவில் வந்த நன்றி

கடலூர் முதுநகர்
12.9.2009, சனிக்கிழமை

அன்பு மகள் அருள்மொழிக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், அம்மா, உன் தம்பி எழிலன் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். வேண்டுதலோடு நிற்காமல் உன் அம்மா எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் பார்சலில் போட்டிருக்கிறாள், பாட்டில் உடையாமல் வந்ததா என்று எழுது. போன மாதம் நீ அனுப்பிய மெயிலை எழிலன் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். இரண்டு பக்கம் இருந்தது, அம்மாவிடம் முதல் பக்கத்தைத்தான் காட்டினேன், இரண்டாவது பக்கம் டூட்டி பையில் இன்னும் இருக்கிறது. அதில் என்னிடம் இரண்டு காரியம் கேட்டிருந்தாய். ஒன்று, மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என் சிநேகிதன் ராஜவேலிடம், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலை ஏதும் உண்டா என்று விசாரிக்கச் சொன்னாய். இன்னொன்று, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மகள் ஊருக்கு வந்தாக வேண்டும், ஆராய்ச்சிப் படிப்பைத் தொடர முடியாது என்று உன் பேராசிரியருக்கு என் கையெழுத்தில் ஒரு கடிதம் கேட்டாய். இந்த இருபத்துமூன்றாம் தேதி குழுவின் முன்னால் நின்று இரண்டு வருட வேலையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் படிப்பு போய்விடும், எப்படியும் போகிறது, மானத்தோடு போகட்டும், அதற்குள் கடிதம் வரட்டும் என்று எழுதியிருந்தாய். நான்கு வாரம் பதில் இல்லாமல் விட்டதற்கு என்மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும், நியாயமான கோபம்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நம் இரண்டு பேர் போன் லட்சணம் உனக்குத் தெரியாததா. நீ ஒரு வார்த்தையில் நிற்பாய், நான் ஒரு வார்த்தையில் நிற்பேன், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அம்மா வந்து பிடுங்கி, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே பேசி வைத்துவிடுவாள். பேனா பிடித்தால் எனக்குத் திக்குவதில்லை. அதனால் இதை நிதானமாகப் படி, ஒரே மூச்சில் முடியாவிட்டால் சாப்பிட்டுவிட்டு வந்து படி. வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எழிலன் பாலிடெக்னிக்கில் கணக்கில் மறுபடி அரியர் வைத்திருக்கிறான். கேட்டால் கேள்வித்தாள் கடினம் என்கிறான், பக்கத்து வீட்டுப் பையனுக்கு மட்டும் அந்தக் கேள்வித்தாள் எப்படி இளகிக் கொடுத்ததோ தெரியவில்லை. அம்மாவின் பால்வாடியில் இந்த வருடம் இருபத்தெட்டுப் பிள்ளைகள், முழங்கால் வலியோடு அத்தனை பேருக்கும் மூக்குத் துடைத்துவிட்டு வருகிறாள். எனக்கு அதே கடலூர் - சிதம்பரம் வண்டிதான், டிரைவரும் அதே கொளஞ்சிதான். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற ஜனம் காவி உடையோடு ரோடு முழுக்க இருந்ததால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தினமும் வண்டி லேட். கால் வெடித்து ரத்தம் வர நடப்பவர்களை முந்திக்கொண்டு போகும்போதெல்லாம் கொளஞ்சி ஹாரன் அடிக்காமல் ஓரம் வாங்கி ஓட்டுவான், அவன் அப்படிப்பட்டவன்.

இப்போது உன் இரண்டாவது பக்கத்துக்கு வருகிறேன். போன வருடம் அந்தக் குழுவின் முன்னால் நடந்ததை நீ இத்தனை நாள் எங்களிடம் சொல்லவே இல்லை. சுனாமியில் கடல் ஏறிய தேவனாம்பட்டினத்துப் பக்கத்து மண்ணில் உப்பு மழைக்கு மழை குறைந்துகொண்டு வருகிறது என்று நீ சொல்ல வந்தாய். முக்கியமான அந்த வார்த்தையில் நின்றுபோனாய். ஒரு பெரிய புரொபசர் உனக்கு உதவுவதாக நினைத்து, உப்பு குறையவில்லை என்று அவரே முடித்துக் கொடுத்தார். நீ உட்கார்ந்தால் போதும் என்று ஆமாம் சொல்லிவிட்டாய். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த மண்ணை மூட்டை மூட்டையாக என் வண்டியில்தானே ஏற்றி வந்தோம். முட்லூரில் செக்கிங் ஏறியவர் மூட்டையில் என்ன என்று கேட்க, எனக்கு மண் என்று சொல்ல வராமல், அவரே உள்ளே கையை விட்டுப் பார்த்து, "இன்னாய்யா இது, வெறும் மண்ணா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாரே. அத்தனை பாடு பட்டுக் கண்டுபிடித்ததை ஒரு தலையாட்டலில் மாற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கு அது புரிகிறது, உலகத்தில் என்னை விட யாருக்கு அது புரியும். கல்யாணமான புதிதில் டெப்போ கேன்டீனில் காபி என்று கேட்கப் போய், அந்தக் கா வராமல், கியூவில் பின்னால் நின்றவன் அவசரப்பட, டீ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எல்லாரும் எனக்கு டீயே வாங்கித் தருகிறார்கள். எனக்குப் பிடித்தது காபி. இருபத்தாறு வருடமாக டீ குடிக்கிறேன்.

கண்டக்டர் வேலையில் திக்குவாயை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினாய் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. ராகம் போட்டால் வந்துவிடும் என்று முதல் மாதமே கண்டுபிடித்தேன். ஆலப்பாக்கம் புதுச்சத்திரம் முட்லூர் சிதம்பரம் என்று ஸ்டாண்டில் நின்று நான் கூவினால் ஒரு இடத்திலும் தட்டாது, கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். மிச்சத்துக்கு விசில் இருந்தது. சில்லறை இல்லை என்பதற்குக் கை இருந்தது. வாய்க்குப் பதில் என்னென்ன உண்டோ அத்தனையும் தேடி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். அதை நான் பிழைக்கத் தெரிந்தவனின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த மாதம் வரைக்கும்.

உன் மெயில் வந்த அந்த வாரம்தான் நம் அன்பியக் கூட்டம் தெரசம்மாள் டீச்சர் வீட்டில் நடந்தது. உனக்குத் தெரியும், நம் தெருக் குடும்பங்கள் சேர்ந்ததுதான் அன்பியம், முறை வருகிற ஞாயிற்றுக்கிழமையில் பூசைக்கு வேண்டிய எல்லாவற்றையும் நாம்தான் செய்ய வேண்டும், பைபிள் வாசகம் யார் படிப்பது என்று சீட்டுப் போடுவார்கள். சீட்டில் ஆள் பெயர் இருக்காது, இன்னார் வீடு என்று இருக்கும், வீட்டில் யாராவது ஒருவர் படிக்கலாம். செப்டம்பர் ஆறாம் தேதி முதல் வாசகத்துக்கு அந்தோணிசாமி வீடு என்று நம் சீட்டு வந்தது. டீச்சர் எடுத்தவுடனே அமிர்தம் என்று அம்மாவின் பெயரை எழுதிவிட்டார், எப்போதும் அவள்தானே படிப்பாள், எனக்கு உண்டியல் தட்டு நீட்டுவதும் பெஞ்சு எடுத்துப்போடுவதும்தான். அன்றைக்கு உன் இரண்டாவது பக்கம் சட்டைப் பையில் இருந்தது. என்ன வேகத்தில் வந்ததோ தெரியவில்லை, நான் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அதுவும் திக்காமல் வந்துவிட்டது, அதுதான் வினை. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்களா? முதல் வாசகம் கொஞ்சம் ஜாஸ்தி நீளங்க, வேணும்னா மன்றாட்டுல ஒரு வரி படிங்களேன்" என்றார். நல்ல மனுஷிதான், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உங்களுக்கு இன்னா ஆச்சு, நல்லாத்தானே இருந்தீங்க" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மூன்று வாரம் இருந்தது. வாசகத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சிதம்பரம் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டி காலியாக நிற்கிற பதினைந்து நிமிடமும் கடைசி சீட்டில் உட்கார்ந்து படித்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் நாக்கு அம்மியை விடக் கனம் போலிருக்கிறது, முதல் வாரம் முழுக்க முதல் வரியைத் தாண்டவில்லை. பிறகு குறுக்குவழி ஒன்று பிடித்தேன், பஸ் ஸ்டேஜ் பெயரைக் கூவுகிற ராகத்தில் வாசகத்தைப் போட்டால் கடகடவென்று வந்தது. சந்தோஷத்தில் வீட்டில் படித்துக் காட்டினேன், அம்மா கரண்டியோடு வந்து நின்று, "வாசகம் படிக்கிறீங்களா, சிதம்பரத்துக்கு ஆள் ஏத்துறீங்களா?" என்று கேட்டாள், எழிலன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அன்றோடு ராகத்தை விட்டேன். சும்மா பேச்சாகப் படித்தால் திக்கும், திக்கட்டும் என்று பழைய வழிக்கே திரும்பினேன். கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று கொளஞ்சியைப் பிடித்தேன். அவன் கோயில் பக்கம் வந்தவன் இல்லை, அவன் சாமி வேறு, இருந்தாலும் தினமும் டிரைவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டு பூராவையும் கேட்டான். நான் ஒரு வார்த்தையில் மாட்டி, தாளை மடித்து, போதும் என்று எழுந்த அன்றைக்கு, "ஒக்காரு மச்சான். ரயில்வே கேட்டு போட்டா வண்டி நிக்கத்தான் செய்யும், எவனாவது வண்டிய அங்கியே விட்டுட்டு ஊட்டுக்கு நடந்து போவானா?" என்றான். காரைக்காட்டுக்காரன் ஒருவன் ஏறுவதற்காக எட்டிப் பார்த்துவிட்டு நாங்கள் ஏதோ சண்டை போடுகிறோம் என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பாதிப் பேர் வேளாங்கண்ணிக்குப் போயிருப்பார்கள், கூட்டம் குறைவாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். போகாதவர்கள் எல்லாரும், போகாத குறைக்குப் போல, அன்றைக்கு முழுசாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடை ஏறியதும் வாசல் பக்கம் கொளஞ்சி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். முதல் வரி வந்துவிட்டது. இரண்டு இடத்தில் தட்டியது, தாண்டிவிட்டேன். சரியாகப் பாதியில், ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில், கா. அதே கா. நின்றுவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே வார்த்தை முழுசாக இருக்கிறது, கதவு திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அம்மா பிறகு சொன்னாள் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்கிற நேரம் என்று. முன் பெஞ்சில் கண் மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வாசகம் முடிந்துவிட்டது என்று நினைத்து, முடிவில் எல்லாரும் சொல்கிற "இறைவா உமக்கு நன்றி"யைக் கணீரென்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கோயில் மொத்தமும் "இறைவா உமக்கு நன்றி" என்றது. ஆர்மோனியம் வாசிக்கிற பிள்ளை உடனே கட்டையைப் பிடித்து பதிலுரைப் பாடலை எடுத்துவிட்டாள், எல்லாரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த இடத்தை உனக்கு உண்மையாகச் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. பாதி வாசகத்தோடு இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்களும் நல்லதாகப் போயிற்று என்றே நினைப்பார்கள், பங்குச் சாமியார்கூடக் கேட்கமாட்டார். ஆண்டவரே வழி விட்டாற்போல இருந்தது. வலது கால் ஒரு படி இறங்கியும் விட்டது. அப்போதுதான் நீ ஆமாம் என்று தலையாட்டியது ஞாபகம் வந்தது. இவர்களும் எனக்கு உதவியாகத்தான் முடித்துக் கொடுக்கிறார்கள், நான் ஆமாம் சொன்னால் முடிந்தது. காலை மேலே எடுத்துவைத்தேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே, எந்த வரியில் நின்றேன் என்று தாளில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். நான் இறங்காமல் நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள், கடைசியில் ஆர்மோனியம் மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டு நின்றது. அந்தக் காவிலிருந்து மறுபடி தொடங்கினேன். வந்தது. அதற்குப் பிறகு மூன்று இடத்தில் நின்றேன், ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள், நான் படித்துக்கொண்டே போனேன். கடைசி வரியும் முடித்து, முடிவில் சொல்லவேண்டிய ஆண்டவரின் அருள்வாக்கு என்பதையும் சொல்லிவிட்டேன். பார், இப்போது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இவன் நிஜமாகவே முடித்தானா, இல்லை இன்னும் பாக்கி வைத்திருக்கிறானா என்று எல்லாருக்கும் பயம். நான் தாளை மடித்துப் பையில் வைத்த பிறகும் மூச்சு இல்லை. கடைசியில் சாமியாரே நாற்காலியில் இருந்தபடி "இறைவா உமக்கு நன்றி" என்றார், அப்புறம்தான் ஜனம் சொன்னது. அவருக்கு உதடு துடித்ததை நான் பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அம்மா அழுதுகொண்டிருந்தாள். கொளஞ்சியைத் தேடினேன், வேறு கண்டக்டரோடு அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டானாம்.

பூசை முடிந்து வெளியே வந்தால் தெரசம்மாள் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்க, பாக்கவே மனசு தாங்கல, அடுத்த தடவ அமிர்தம் பேரையே போட்டுடுறேன், நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் திக்கியபோது வலிக்காத வலி அப்போது வலித்தது. முடித்துவிட்டு வந்தவனிடம் இனி வேண்டாம் என்றால் எப்படி இருக்கும் சொல். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்தக் கோபம் இருந்தது, நம் தெரு முனை திரும்பும்போதுதான் கோபம் போய்விட்டது, ஏனென்றால் அந்த வார்த்தைகளை முன்னால் எங்கே கேட்டேன் என்று தெரிந்துவிட்டது. நான் எழுதியவை அவை.

நீ ஆறாம் வகுப்பு படித்தபோது, தமிழ் மிஸ்ஸுக்கு நான் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். என் மகளுக்குப் பேச்சில் சிரமம் இருப்பதால் செய்யுள் ஒப்புவிப்பதிலிருந்து விலக்கு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று. அதற்கு முந்தின வாரம் முழுக்க நீ அடுக்களையில் அம்மா பின்னால் சுற்றிச் சுற்றி அந்த எட்டு வரியையும் திக்கித் திக்கிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாய். அது என் காதில் விழுந்தது, விழ விழ எனக்குத் தாங்கவில்லை, பாவம் பிள்ளை, நாம் பட்டது போதும் என்று எழுதினேன். மறுநாள் மிஸ் உன் பெயரைக் கூப்பிடாமல் அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றாமல் அழுதாய். நிம்மதியில் அழுகிறாய் என்று நான் நினைத்தேன் அருள். இப்படியும் ஒரு மடையன் உண்டா. அதன் பிறகு வருடா வருடம் எழுதினேன், சுதந்திர தினப் பேச்சுக்கு எழுதினேன், வாய்மொழித் தேர்வுக்கு எழுதினேன், பிறகு நீயே கேட்க ஆரம்பித்தாய், அப்பா ஒரு லெட்டர் என்று. உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் எல்லாரும் செமினார் எடுக்க, உனக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்களே, அது அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்பட்டாயே. ஒரு மத்தியானம் டிரிப்புக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு நான்தான் உன் துறைக்கு வந்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனேன். என்னை மன்னித்துக்கொள். எனக்கு விசில் இருந்ததுபோல் உனக்கு நான் கடிதமாக இருந்தேன். நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்த ஒவ்வொரு தடவையும், உன்னால் ஆகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பூனாவில் போய் நின்று நீ ஆமாம் என்று தலையாட்டியதற்குப் பாதிப் பழி எனக்குத்தான் சேரும்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில். ராஜவேலிடம் விசாரித்தேன். வேலை இருக்கிறது, மைதானத்துக்கு எதிரே மாடியில், படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, யாரிடமும் பேச வேண்டியதில்லை, நல்ல ஃபேன் இருக்கிறது. மரியாதையான வேலைதான், குறைத்துச் சொல்லமாட்டேன். உன் மெயில் வந்த மறுநாளே சரி வருவாள் என்று அவனிடம் சொல்லப் போனவன், அவன் கடையில் கூட்டமாக இருந்ததால் திரும்பிவிட்டேன். போன திங்கட்கிழமை மறுபடி போய், வருவதோ இல்லையோ அவளே உன்னிடம் சொல்வாள், அவள் வாயால் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவன், "ஏன் அண்ணே, நீங்களே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றான். கூடாது என்றேன். இந்த மாதம் முழுக்க உனக்காக இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னான். அவன் நம்பர் உன்னிடம் இருக்கிறது. நீ வந்தால் இந்த வீட்டில் ஒருவரும் உன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டோம், அம்மாவிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, அவள் முதலில் என்னைத் திட்டினாள், பிறகு உனக்கு ஊறுகாய் போட்டாள். ஆனால் உன் பேராசிரியருக்குக் கடிதம் எழுதமாட்டேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. படிப்பை விடுவதானால் அந்தக் குழுவின் முன்னால் நின்று அதையும் நீயே சொல்.

விடாமல் முயன்றால் ஒருநாள் நமக்குத் திக்காமல் போய்விடும் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். எனக்கு ஐம்பத்துமூன்று வயது, இந்த வயதில் மூன்று வாரம் படித்தும் ஆறு இடத்தில் திக்கியது, நாளைக்குப் படித்தாலும் திக்கும். போகவேண்டியது திக்கல் இல்லை என்று தோன்றுகிறது. நேற்று தெரசம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போய், அடுத்த முறைக்கும் என் பெயரையே எழுதுங்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் இரண்டு தடவை நடுவில் வாயைத் திறந்தார், திறந்து, மூடிக்கொண்டு, நான் முடிக்கிற வரைக்கும் நின்றார். அவர் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டார். மனுஷர்களுக்குக் காத்திருக்கத் தெரியும் அருள், நாம்தான் இதுவரை அவர்களைக் காக்க வைத்துப் பார்த்ததில்லை.

வேறு விசேஷம் இல்லை. எழிலன் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான், கூடவே ஏதோ சார்ஜர் வேண்டும் என்கிறான், அரியரை முடிக்கட்டும் பார்க்கலாம் என்றேன். அம்மா, ராத்திரி ஈரத்தலையோடு படுக்கக்கூடாது, பல்லில் கூச்சம் இருந்தால் கிராம்பு வைத்துக்கொள் என்று சொல்லச் சொன்னாள். இருபத்துமூன்றாம் தேதி காலை வெறும் வயிற்றோடு போகாதே. மாதா உன்னோடு இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். கடைசியாக ஒன்றை மட்டும் மறக்காதே. நீ நின்றுபோகிற இடத்தில் யாராவது உன் வார்த்தையை முடித்துக் கொடுத்தால், அவர் சொன்னது சரியாகவே இருந்தாலும் மறுபடி அதை உன் வாயால் சொல். தவறாக இருந்தால் இல்லை என்று சொல். அந்த இல்லையிலும் திக்கும். அவர்கள் காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்காக இனிமேல் பேசப்போகாத, உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
ம. அந்தோணிசாமி